யாருக்கு விற்கிறோம்?

ஏற்றுமதித் தடை என்றால் நமக்கெல்லாம் உடனே நினைவுக்கு வருவது வெங்காயம். லாசல்காவ் மண்டியில் விவசாயிகள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று மராத்திப் பத்திரிகையில் படம் வந்தால் போதும், மாட்டுங்கா மார்க்கெட்டில் அடுத்த வாரம் விலை இறங்கும் என்று இங்குள்ள மாமிகள் கணக்குப் போட்டுவிடுவார்கள். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தபோது, அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் கடை கடையாக ஏறி இறங்கி அரிசி மூட்டை வாங்கிய கதை செம்பூரில் வீட்டுக்கு ஒன்று உண்டு. இந்த வகைக் கட்டுப்பாடு புரிந்துகொள்ளச் சுலபமானது. உள்ளூரில் விலை ஏறினால் கதவை மூடு, இறங்கினால் திற.

இன்னொரு வகை இருக்கிறது. அதில் விலைப் பிரச்சினை இல்லை, பற்றாக்குறையும் இல்லை. சரக்கு தாராளமாக இருக்கும். வாங்குபவர் கேட்ட காசைக் கொடுக்கத் தயார். விற்பவருக்கும் விற்க ஆசை. ஆனாலும் அரசாங்க அலுவலகத்தில் ஒருவர் அந்த விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு, இதை வாங்குகிறவர் உண்மையில் யார், எதற்காக வாங்குகிறார் என்று யோசித்துக்கொண்டிருப்பார். அவர் தலையாட்டினால்தான் பெட்டி நவசேவா துறைமுகத்தைத் தாண்டும்.

அந்த விண்ணப்பங்களுக்கு அடிப்படையான பட்டியலுக்கு 'ஸ்கோமெட்' என்று பெயர். சிறப்பு ரசாயனங்கள், உயிரிகள், மூலப்பொருள்கள், கருவிகள், தொழில்நுட்பங்கள் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். ஏவுகணையும் பீரங்கியும் மட்டும்தான் அதில் இருக்கும் என்று நினைத்தால் தப்பு. பால்பாயிண்ட் பேனா மையில் சேர்க்கிற கரைப்பான் அதில் இருக்கிறது. ஷாம்பூ தயாரிப்பில் பயன்படும் பொருள் இருக்கிறது. மருந்துத் தொழிற்சாலைகளில் சர்வ சாதாரணமாக நிற்கும், உள்ளே கண்ணாடிப் பூச்சுள்ள ரியாக்டர் இருக்கிறது. எல்லாமே நல்லதுக்கும் ஆகும், நாசத்துக்கும் ஆகும்.

சிறுநீரகக் கல்லை உடைக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உள்ளே விரலளவில் ஒரு மின்பொறிச் சாதனம் உண்டு. கண்ணிமைக்கும் நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாத நேரத்தில் பெரிய மின்னழுத்தத்தை அப்படியே பாய்ச்சிவிடும். அணுகுண்டை வெடிக்க வைப்பதற்கும் அதே வேலைதான் தேவை. 2003-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு, தென்னாப்பிரிக்காவிலிருந்து 200 வேண்டும் என்று ஓர் ஆர்டர் வந்தது. மருத்துவமனைக்கு என்று காகிதம் சொன்னது. ஒரு மருத்துவமனை இதில் நாலைந்துக்கு மேல் என்ன செய்யும்? நிறுவனம் சந்தேகப்பட்டு அரசுக்குச் சொன்னது. முதல் 66 சாதனங்களை உள்ளுக்குள் செயலிழக்க வைத்து, ஒன்றும் தெரியாதது போல் அனுப்பினார்கள். பெட்டி தென்னாப்பிரிக்காவில் நிற்கவில்லை. பாகிஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்தது. இடைத்தரகர் 2004 புத்தாண்டன்று அமெரிக்காவில் விமானம் விட்டு இறங்கியபோது கைதானார்.

காட்டிக்கொடுத்தது அந்த 200 என்கிற எண்தான்.

இந்த மாதிரி எண்களைப் பார்ப்பதையே வேலையாகக் கொண்டிருந்த ஒருவர் எனக்குத் தெரிந்தவர். செம்பூரில் சேடா நகர் முருகன் கோயிலில் சஷ்டி அன்று கண்ணில் படுவார். டிராம்பேயில் ஆராய்ச்சிக்கூடத்தில் பல வருடம் இருந்துவிட்டு, கடைசிச் சில ஆண்டுகள் டெல்லியில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விஷயங்களில் அரசுக்குத் தொழில்நுட்ப ஆலோசனை சொல்லும் மூத்த அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போடக் கூடாது என்பது நிபந்தனை. குறிப்பிட்ட எந்த விண்ணப்பத்தைப் பற்றியும் பேசமாட்டார். நான் சுற்றி வளைத்துக் கேட்டால், "காபி ஆறிப்போறது பாருங்கோ" என்பார். ஆனால் முறையைப் பற்றிக் கேட்டால் தாராளமாகச் சொல்வார்.

"முதல்ல அளவைப் பார்ப்பேன். அப்புறம் முகவரி. அதுக்கப்புறம்தான் முக்கியமானது, வாங்கறவன் எதைக் கேட்கலைங்கறதைப் பார்ப்பேன்" என்றார்.

கேட்காததையா?

"ஒருத்தன் ரெண்டு கோடி ரூபாய்க்கு மெஷின் வாங்கறான். அதை நிறுவ ஆள் அனுப்ப வேண்டாம்கறான். ட்ரெயினிங் வேண்டாம், சர்வீஸ் காண்ட்ராக்டும் வேண்டாம். நம்மாத்து வாஷிங் மெஷினுக்கே நாலு தடவை போன் பண்றோமே!"

சரக்கு அனுப்பும் ஏஜெண்டின் முகவரியே வாங்குபவரின் முகவரியாக இருந்தாலும் அவருக்கு மூக்கு வேர்க்கும். பிஸ்கட் கம்பெனி லெட்டர்ஹெட்டில் லேசர் கேட்டாலும் அப்படித்தான்.

அவர் தனியாக முடிவெடுப்பதில்லை. பட்டியலில் அணுசக்தி சம்பந்தப்பட்ட பகுதிக்கு அணுசக்தித் துறையே அனுமதி தரும். அதன் தலைமையகம் இங்கேதான், கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் பக்கத்தில் உள்ள அணுசக்தி பவன். ராணுவத் தளவாடங்களுக்குப் பாதுகாப்பு உற்பத்தித் துறை. மற்றவை வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்துக்குப் போகும். அங்கே வெளியுறவு, அணுசக்தி, விண்வெளி, ராணுவ ஆராய்ச்சி, ரசாயனம் என்று பல துறைக்காரர்கள் உட்காரும் குழு ஒன்று பார்க்கும். ஒரு துறைக்கு வர்த்தகம் பெருக வேண்டும். இன்னொன்றுக்கு அண்டை நாட்டு உறவு கெடக் கூடாது. மூன்றாவதற்கு இந்தப் பொருளை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று தெரியும், ஆனால் வாங்குபவனைத் தெரியாது. இவர்கள் நடுவில் தொழில்நுட்பம் அறிந்தவர் சொல்லும் சொல்லுக்கு எடை உண்டு. அவர் வாயைத் திறக்காவிட்டால் மற்றவர்கள் பழைய ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

தவறான 'சரி' என்ன செய்யும் என்பதற்கு உலகம் மறக்காத உதாரணம் உண்டு. அந்தப் பேனா மைக் கரைப்பானுக்குத் தயோடைகிளைக்கால் என்று பெயர். அதிலிருந்து ஒரே ஒரு படி தாண்டினால் மஸ்டர்ட் வாயு. 1980களில் ஒரு டச்சு வியாபாரி இதை டன் கணக்கில் சதாம் உசேனின் இராக்குக்கு விற்றார். 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் குர்து மக்கள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தார்கள். துணி ஆலைக்கு என்றுதான் நினைத்தேன் என்பது அந்த வியாபாரியின் வாதம். 2005-ல் நெதர்லாந்து நீதிமன்றம் போர்க்குற்றத்துக்குத் துணைபோனதாக அவருக்கு 15 ஆண்டு சிறை விதித்தது. நாமும் அந்தக் காலத்தில் பரிசுத்தமாக இருந்துவிடவில்லை. இந்தியாவிலிருந்து ஈரானுக்குத் தயோனில் குளோரைடு போகிறது என்று 1989-ல் அமெரிக்கா கேள்வி எழுப்பியது. சாயத்துக்கும் பூச்சிமருந்துக்கும் ஆகிற சாதாரண ரசாயனம்தான். ரசாயன ஆயுதத்துக்கும் ஆகும் என்பதுதான் வம்பு.

ஆனால் இந்தக் கதையில் இந்தியா நுழைந்தது அதற்கு வெகு காலம் முன்பு. அதுவும் நம்மூர் மணல் வழியாக.

மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போனவர்களுக்குத் தெரியும், மணல் அங்கே கறுப்பும் சிவப்புமாகக் கிடக்கும். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னை நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். மோனசைட்டிலிருந்து தோரியம் எடுக்கலாம். தோரியம் நைட்ரேட்டில் நனைத்த வலைதான் அந்தக் கால கேஸ் விளக்கின் மேன்டில். கல்யாண ஊர்வலத்தில் தலைமேல் பெட்ரோமாக்ஸ் தூக்கிப் போனார்களே, அந்த வெளிச்சம்! பிறகு அணு யுகம் வந்தது. தோரியத்திலிருந்து யுரேனியம்-233 செய்யலாம் என்று தெரிந்ததும் கயிற்று மணலுக்கு வல்லரசுகள் வாசலில் நின்றன. திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அந்த மணலை வைத்து ஆடிய பேரம் தனிக் கதை. 1948-ல் அணுசக்திச் சட்டம் வந்தது. ஹோமி பாபா தலைமையில் அணுசக்தி கமிஷன் அமைந்தது. உறுப்பினர்களில் ஒருவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கியது. 1952 டிசம்பரில் ஆல்வாயில் அதன் ஆலையை நேரு திறந்துவைத்தார். 1955-ல் டிராம்பேயில் தோரிய ஆலை எழுந்தது.

இதற்கு நடுவில், 1953-ல்தான் அந்தச் சம்பவம். சுமார் ஒரு டன் தோரியம் நைட்ரேட் ஒரு போலந்துக் கப்பலில் ஏறிச் சீனாவுக்குப் புறப்பட்டது. சீனா அப்போது கம்யூனிஸ்ட் நாடாகி நாலு வருடம். அமெரிக்காவில் 1951-லேயே ஒரு சட்டம் இருந்தது. கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு இம்மாதிரிப் பொருள்களைத் தெரிந்தே அனுப்பும் நாட்டுக்கு அமெரிக்க உதவி நிறுத்தப்பட வேண்டும். பாட்டில் சட்டம் என்று பெயர். கொண்டுவந்த எம்.பி.யின் பெயர் அப்படி, நீங்கள் நினைக்கிற புட்டி இல்லை. வாஷிங்டனில் பெரிய கலவரம். நேருவுக்கோ உதவிக்கு அரசியல் நிபந்தனை என்பதே பிடிக்காத விஷயம். எங்கள் பொருளை யாருக்கு விற்பது என்று இன்னொரு நாட்டுச் சட்டம் தீர்மானிக்க முடியாது என்று உறுதியாக நின்றார். கடைசியில் உதவி நிற்கவில்லை. தோரியம் நைட்ரேட்டை அமெரிக்காவே வாங்கிக்கொள்வது என்று வழி கண்டுபிடித்தார்கள்.

நேரு நின்ற நிலை கொள்கை அளவில் கம்பீரமானது. ஆனால் ஒரு விஷயத்தை நான் யோசிப்பதுண்டு. அது மேன்டிலுக்கா, வேறு எதற்கா என்று இந்தியத் தரப்பில் உட்கார்ந்து விசாரிக்க அன்று ஒரு தனி மேசை இருந்ததா? இறையாண்மையைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் நிறைய இருந்தார்கள். வாங்குபவரின் முகவரியைச் சரிபார்ப்பது என்கிற சின்ன வேலைக்கு மதிப்பு வர ஐம்பது ஆண்டு ஆயிற்று.

அந்த ஐம்பது ஆண்டில் பெரும்பகுதி நாம் வரிசையின் இந்தப் பக்கம்தான் நின்றோம். 1974-ல் பொக்ரான் சோதனை. உடனே கனடா கதவைச் சாத்தியது. பிற்பாடு தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கு வர வேண்டிய அமெரிக்க எரிபொருளும் நின்றது. நமக்கு எதிராகவே அணு விற்பனை நாடுகள் ஒரு கிளப் வைத்துக்கொண்டன. வானிலை கணிக்க வாங்கிய கிரே சூப்பர் கம்ப்யூட்டரைக்கூடத் தகுதி குறைந்த ரகமாகத்தான் கொடுத்தார்கள். 1992-ல் கிரையோஜெனிக் ராக்கெட் தொழில்நுட்பத்துக்காக இஸ்ரோ மீதும் ரஷ்ய நிறுவனத்தின் மீதும் தடை. 1998 மே சோதனைகளுக்குப் பிறகு நூற்றுக்கணக்கான இந்திய நிறுவனங்கள் ஒரு கறுப்புப் பட்டியலில் ஏறின. பாபா அணு ஆராய்ச்சி மையம் அதில் உண்டு என்று சொல்லவே வேண்டாம். அப்போது அணுசக்தி கமிஷன் தலைவராக இருந்த ஆர். சிதம்பரம் அடிப்படையில் படிகவியல் விஞ்ஞானி. படிகவியல் கூட்டம் ஒன்றுக்குப் போக அவருக்கு அமெரிக்கா விசா மறுத்தது.

பெரிய செய்திகள் இவை. அணுசக்தி நகரிலும் செம்பூரிலும் வாழ்ந்தவர்களுக்கு இது அன்றாட விஷயமாக இருந்தது. நம் நண்பர் ஒரு பழைய ஃபைல் வைத்திருக்கிறார். அதில் வெற்றிடத்தை அளக்கும் ஒரு கருவி கேட்டு எழுதிய கடிதங்களும் வந்த பதில்களும். முதல் பதில் "பரிசீலிக்கிறோம்." இரண்டாவது "மேலும் விவரம் தேவை." மூன்றாவது பதில் வரவே இல்லை. ஒன்றரை வருடம் கழித்து அதை இங்கேயே செய்துகொண்டார்களாம். முதலில் செய்தது ஒழுகியது, ஐந்தாவது சரியாக வந்தது. மனைவி அந்த ஃபைலைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொல்லியும் அவர் போடவில்லை.

"இல்லைன்னு சொல்லியிருந்தா பரவாயில்லை. ஆறு மாசம் முன்னாடியே நாங்களே செய்ய ஆரம்பிச்சிருப்போம்" என்றார். அதே மூச்சில் சிரித்துக்கொண்டு, "தரமாட்டேன்னா எப்படியெல்லாம் சுத்தி வாங்கலாம்னு யோசிக்காத லாப் உண்டோ? அந்த அனுபவம்தான் எனக்கு டெல்லியில சோறு போட்டது" என்றார்.

அவர் டெல்லி போன காலத்தில் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. 2004 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு சபை தன் 1540-வது தீர்மானத்தில், பேரழிவு ஆயுதப் பொருள்கள் தனியார் கைக்குப் போகாமல் தடுக்க எல்லா நாடுகளும் சட்டம் செய்ய வேண்டும் என்றது. இந்தியா 2005-ல் தனிச் சட்டம் இயற்றியது. பட்டியலில் இல்லாத பொருளாக இருந்தாலும், பேரழிவு ஆயுதத்துக்குத்தான் போகிறது என்று தெரிந்தே அனுப்பினால் குற்றம் என்று அது சொல்கிறது. 2008 செப்டம்பரில் அணு விற்பனை நாடுகளின் கிளப் நமக்கு விலக்கு அளித்தது. உறுப்பினர் இடம் மட்டும் இன்னும் தரவில்லை. ஆனால் ஏவுகணைத் தொழில்நுட்பக் குழுவில் 2016-லும், வாசெனார் அமைப்பில் 2017 டிசம்பரிலும், ரசாயன-உயிரியல் பொருள்களைக் கவனிக்கும் ஆஸ்திரேலியா குழுவில் 2018 ஜனவரியிலும் சேர்ந்துவிட்டோம். யார் பட்டியல்களால் அவதிப்பட்டோமோ, அவர்கள் பட்டியலும் நம் பட்டியலும் இன்று ஏறக்குறைய ஒன்று. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் கறுப்புப் பட்டியலிலிருந்து மூன்று பெயர்களை நீக்கியது. பாபா மையம், கல்பாக்கத்து இந்திரா காந்தி மையம், மூன்றாவது நம் மணல் கம்பெனி, இந்தியன் ரேர் எர்த்ஸ்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றைக் கொண்டு செய்யும் காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதி கட்டாயம் என்றது. காந்தம் இல்லாமல் மின்சார ஸ்கூட்டர் மோட்டார் சுற்றாது. நம் வாகனக் கம்பெனிகள், ராணுவத்துக்குப் பயன்படுத்தமாட்டோம் என்று 'எண்ட் யூசர் சர்டிபிகேட்' எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தன. 1953-ல் நாம் சீனாவுக்குத் தோரியம் அனுப்பியபோது இப்படி ஒரு காகிதம் கேட்டோமா என்று நண்பரிடம் கேட்டேன். இந்த முறை காபியைப் பற்றிக்கூட அவர் பேசவில்லை.

இந்தக் காகிதத்தின் கனம் என்ன என்று எனக்குப் புரிய வைத்தவர் தாராவிக்காரர்.

அண்ணாச்சி என்றுதான் அவரைக் கூப்பிடுகிறேன். அவருடைய அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் கொட்டகையில் வேலை பார்த்தவர். அவருக்கும் ஓர் ஏற்றுமதிக் கட்டுப்பாடு தெரியும். பாதி பதனிட்ட தோலை அப்படியே வெளிநாட்டுக்கு விற்று அவன் பையாகச் செய்து லாபம் பார்க்கிறான், இங்கேயே முழுசாகச் செய்யட்டும் என்று 1972-ல் சீதாராமையா குழு சொன்னது. அடுத்த ஆண்டே அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. கொட்டகை முதலாளிகள் அலறினார்கள். ஆனால் தாராவியில் இன்று வரிசையாக இருக்கும் தோல் பை, பெல்ட் கடைகளைப் பார்க்கும்போது அந்தக் கட்டுப்பாடு வீண் போகவில்லை என்றே தோன்றுகிறது.

அண்ணாச்சி தோல் தொழிலுக்குப் போகவில்லை. மாட்டுங்காவில் டிப்ளமோ படித்துவிட்டு, தானே-பேலாப்பூர் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். எட்டுப் பேர் வேலை. அமிலம் ஓடும் குழாய்களுக்கு, உள்ளே டெஃப்லான் மாதிரியான பூச்சுப் போட்ட வால்வு செய்கிறார். வீடு இன்னமும் தாராவி தொண்ணூறடி ரோட்டுப் பக்கம்தான்.

வளைகுடாவிலிருந்து ஒரு வியாபாரி நாற்பது வால்வு கேட்டான். நல்ல விலை. பெட்டி கட்டும் நேரத்தில் சரக்கு அனுப்பும் ஏஜெண்ட், "இது ஸ்கோமெட்ல வருமே, லைசென்ஸ் இருக்கா?" என்றான். அண்ணாச்சிக்கு ஏதோ கம்ப்யூட்டர் வியாதி மாதிரிக் கேட்டது.

"பத்து மில்லிமீட்டருக்கு மேல சைஸ் போனா லிஸ்ட்ல வந்துருமாம். நான் செய்யுததுல பத்துக்குக் கீழ எது இருக்கு? எல்லாம் அதுக்கு மேலதான்" என்றார் என்னிடம்.

விதி அப்படித்தான். நரம்பு வாயு தயாரிக்கிறவனுக்கும் அமிலம் அரிக்காத வால்வு வேண்டும். சாயப் பட்டறைக்காரனுக்கும் வேண்டும். வால்வுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் வாங்குபவனை எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். கடைசியில் எந்த ஆலையில் பொருத்தப் போகிறாய், வேறு யாருக்கும் கைமாற்றமாட்டாயா, நாங்கள் வந்து பார்க்கலாமா. அண்ணாச்சி அந்தப் படிவத்தை அனுப்பினார். வளைகுடாக்காரன் ஒரு வாரம் இழுத்தான், பிறகு போனே எடுக்கவில்லை. எட்டுப் பேருக்கு இரண்டு மாதக் கூலி அந்த ஆர்டர்.

செம்பூர் நண்பரிடம் சொன்னேன். மகிழ்ச்சிப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "கையெழுத்துப் போடாதவன் எல்லாம் குண்டு பண்றவன் இல்லை. தன்னோட கஸ்டமர் பேரைச் சொன்னா உங்க அண்ணாச்சி நேரா அவங்ககிட்டயே வித்துடுவார்னு பயந்திருப்பான். பாதிப் பேர் அப்படித்தான்" என்றார். மீதிப் பாதி? "அதுக்குத்தானே அந்த ஃபாரம்."

எனக்கு இதில் ஓர் ஆற்றாமை உண்டு. பெரிய கம்பெனிக்குச் சட்ட இலாகா இருக்கிறது, பட்டியலைப் படிக்க ஆள் இருக்கிறது. எட்டுப் பேர் பட்டறையில் முதலாளியே டைப்பிஸ்ட், முதலாளியே துப்பறிபவர். நூற்றுக்கணக்கான பக்கப் பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கிறது. விளக்கக் கூட்டங்களும் ஆங்கிலத்தில்தான். தமிழிலோ மராத்தியிலோ ஒரு துண்டுப் பிரசுரம்கூட நான் பார்த்ததில்லை. நாட்டின் பாதுகாப்புக்கு அண்ணாச்சியின் கண்ணும் ஒரு காவல் என்றால், அவருக்குப் புரிகிற மொழியில் அதைச் சொல்வதற்கு எத்தனை செலவாகிவிடும்? இன்னொன்று, அனுபவத்தைப் பற்றியது. அதிகாரி மூன்று வருடத்தில் வேறு இலாகாவுக்குப் போய்விடுகிறார். 200 என்ற எண்ணைப் பார்த்ததும் சுருக்கென்று தைக்கிற மனம் மூன்று வருடத்தில் வருவதல்ல. மறுக்கப்பட்ட தலைமுறை இப்போது வரிசையாக ஓய்வு பெறுகிறது. ஆர். சிதம்பரமும் 2025 ஜனவரி 4 அன்று மும்பையில் காலமானார். நாளைக்கு அந்த நாற்காலிகளுக்கு வருகிறவர்கள், பதிலே வராத மூன்றாவது கடிதத்தை அனுபவித்திராதவர்கள். அவர்கள் வேறொருவருக்கு அதே கடிதத்தை எழுதாமல் இருக்க வேண்டும். மறுப்பதானால் காரணத்தோடு, சீக்கிரமாக மறுக்க வேண்டும் என்பதை அந்தப் பழைய ஃபைலைக் காட்டித்தான் சொல்லிக்கொடுக்க முடியும் என்று தோன்றுகிறது.

சில மாதம் கழித்து அண்ணாச்சிக்கு இன்னொரு மெயில் வந்தது. வேறு பெயர், வேறு நாடு, அதே வால்வு. எண்ணிக்கை மட்டும் பத்துப் பத்தாக, நான்கு தனித் தனி ஆர்டராக. இந்த முறை அவர் முதலில் விலை போடவில்லை. மகளை உட்கார வைத்து அந்த முகவரியை இணைய வரைபடத்தில் தேடச் சொன்னார். சோபா, கட்டில் விற்கும் கடை ஒன்று அங்கே இருந்தது.

"நாற்காலி விக்குதவனுக்கு ஆசிட் வால்வு எதுக்கு?" என்று போனில் கேட்டார். செம்பூர் நண்பரிடம் கேட்டு, எங்கே எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று சொன்னேன். மகள் எழுதிக் கொடுத்தாள். பதில் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம் என்று நண்பர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

போன வாரம் அண்ணாச்சியைப் பார்த்தேன். அங்கலேஷ்வரில் ஒரு ரசாயன ஆலைக்கு அறுபது வால்வு போகிறதாம். ஏற்றுமதி விலை இல்லை, ஆனாலும் உள்நாடுதானே, படிவம் கிடையாது, கையெழுத்துக் கிடையாது.

"அவங்க செய்யுத மருந்து எங்க போகுதுன்னு நான் கேக்கல" என்றார். "நீங்க வேணா கேட்டுச் சொல்லுங்க."